எண்ணெய் எங்கே போயிற்று?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து தாளவாடிக்குச் செல்வோர், சத்தியமங்கலத்தையும் பண்ணாரியையும் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். நம் அங்கத்தினர்களின் மஞ்சளும் காய்கறியும் இறங்கி வருவதும் அவ்வழியேதான். ஏற்றத்தில் என்ஜின் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் பிரேக் பழுதுற்றால் வண்டி நில்லாது. ஆகவே இதனைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

அண்மையில் சங்க ஆய்வுக்காகத் தாளவாடி புறப்பட்ட காலையில், காரின் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டோம். முந்திய மாதமும் குறைந்ததாகவும், ஊற்றி நிரப்பியதாகவும் டிரைவர் கூறினார். பிரேக் கட்டைகள் தேயத் தேய எண்ணெய் மட்டம் மெல்லத் தாழ்வது இயல்பு; விரைந்து தாழ்ந்தால் அது கசிவேயாகும். சக்கரங்களின் உட்புறத்தையும், ரப்பர்க் குழாய்களையும், இரும்புக் குழாய்களின் இணைப்புகளையும் பார்த்தோம். எங்கும் ஈரமில்லை. ஆயினும் பிரேக் மிதி வழக்கத்திற்கு மாறாகக் கடினமாயிருந்தது. பயணத்தை ஒத்திவைத்தோம்.

மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். கடினமாயிருந்தால் பூஸ்டரை ஐயுற வேண்டும். பூஸ்டர் என்பது வெற்றிடத்தின் வலிமையால் நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் கருவி. அதனைச் சோதிப்பது எளிது. என்ஜினை நிறுத்தி, மிதி இறுகும்வரை நாலைந்து முறை மிதிக்கவும். பின் மிதியை அழுத்தியபடியே என்ஜினை இயக்கவும். மிதி சற்றுத் தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாதிருந்தால் பூஸ்டரோ, அதன் வெற்றிடக் குழாயோ, அதிலுள்ள வால்வோ பழுது. நமது காரில் மிதி அசையவில்லை.

மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியதும் உண்மை புலனாயிற்று. அதன் பின்புற ரப்பர் சீல் தேய்ந்து, எண்ணெய் வெளியே சொட்டாமல் பூஸ்டருக்குள்ளேயே இறங்கி, அங்குள்ள ரப்பர்ச் சவ்வைக் கெடுத்திருந்தது. பூஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் கெட்டிருக்கும். இரண்டையும் மாற்றி, குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றிய பின்னரே காரை எடுத்தோம்.

நிற்க. மூடியில் குறித்த தர எண்ணெயையே ஊற்றுக. என்ஜின் ஆயில் ரப்பரை உப்பச் செய்துவிடும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்து, மிதி பயனற்றுப் போகும். ஆதலால் உரிய காலத்தில் அதை மாற்றுவதும், மலையிறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவதும் அவசியம்.

கையிருப்புக் குறைந்து, செலவுச் சீட்டு இல்லையெனில், பணத்தைப் போட்டுச் சரிக்கட்டுவதை எந்தச் சங்கமும் ஒப்புக்கொள்வதில்லை, காரணம் கேட்கிறோம். பிரேக் எண்ணெய்க்கும் அதே கணக்குத்தான்.