வீட்டு மின்சாரச் சிக்கனமும் சூரிய சக்தியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியாகிய ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பிரதேசத்தைப் பெரியோர் பாலாகாட் என்றும், கிழக்கே தாழ்ந்துள்ள கிருஷ்ணகிரிச் சீமையைப் பாராமகால் என்றும் வழங்கி வந்தனர். 1971இல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பின்பு, இவ்விரு பகுதிகளிலும் குடியானவர் வாழ்க்கை பெரிதும் மாறிவிட்டது. நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளும் கற்பலகை பாவிய வீடுகளும் குறைந்து, கான்கிரீட் மெத்தை வீடுகள் பெருகின. அவற்றுடன் மின்விசிறி, குளிர்பெட்டி, வெந்நீர் ஹீட்டர் முதலியனவும் கிராமங்களில் நுழைந்தன. வயலுக்கு இடும் எருவையும் விதையையும் படிக்கணக்கில் அளந்து பார்க்கும் நாம், வீட்டில் செலவாகும் மின்சாரத்தை மாத்திரம் அளந்து பார்ப்பதில்லை. அவ்வாறு அளந்து பாராமலே சோலார் பலகை வாங்க முற்படுவோர்க்கு நேரும் நஷ்டத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வீட்டின் கணக்கு

சூளகிரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் ராகியும் மாவும் பயிரிடும் குடியானவர் ஒருவர், மாங்காய் விலை சரிந்த ஓர் ஆண்டில் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார். மின்கட்டணம் மீறிப்போவதால் 3 கிலோவாட் சோலார் சாதனம் அமைக்க வேண்டும் என்றும், அதன் பொருட்டு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்றும் எண்ணியிருந்தார். நகையை எடுக்குமுன் வீட்டைக் கணக்கெடுப்போம் என்று கூறி, அவருடனே அமர்ந்து ஒரு நாள் செலவை எழுதினேன். அது வருமாறு:

குளிப்பதற்கு 100 லிட்டர் வெந்நீர்: 3.5 யூனிட்.
75 வாட் மின்விசிறி 4, நாளொன்றுக்கு 10 மணி நேரம்: 3 யூனிட்.
40 வாட் பழைய குழல்விளக்கு 6, நாளொன்றுக்கு 5 மணி நேரம்: 1.2 யூனிட்.
குளிர்பெட்டி: 1 யூனிட்.
தண்ணீர் ஏற்றும் மோட்டார், மிக்ஸி, தொலைக்காட்சி முதலியன: 1.3 யூனிட்.

ஆக, நாளொன்றுக்கு 10 யூனிட். இரு மாதத்துக்கு 600 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது யாவரும் அறிந்ததே. அவர் வீட்டில் வெந்நீர் ஒன்றே 210 யூனிட்டைக் குடித்துவிடுகிறது. உபயோகம் ஏற ஏற யூனிட் ஒன்றுக்கு விகிதமும் ஏறுவதால், கடைசியில் செலவாகும் யூனிட்டே விலை அதிகமானது. ஆகையால், மிச்சப்படுத்தும்போது முதலில் மிச்சமாவதும் அதுவே.

முதலில் சிக்கனம்

ஓசூர் கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் காலைக் குளிர் கடுமையாதலால் வெந்நீரின்றி நடவாது. ஆனால் நீரைச் சூடாக்குவதற்கு மின்சாரம் தேவையில்லை. சூரியனின் வெப்பமே போதும். மெத்தைமேல் வைக்கும் சோலார் வெந்நீர்க் கலம் இவ்வேலையை நேரே செய்துவிடும். அண்டை நகரமாகிய பெங்களூரில் இக்கலங்கள் வீடுதோறும் காணப்படுகின்றன. ஒரு கிலோவாட் சோலார் பலகை வருஷச் சராசரியில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்பலகையின் விளைவு முழுவதையும் வெந்நீருக்கே செலவிடுவது, விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவதை ஒக்கும்.

அடுத்தது விசிறி. பி.எல்.டி.சி. மோட்டார் பூட்டிய விசிறி அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. 3 யூனிட் செலவான இடத்தில் 1.2 யூனிட் போதும். குழல்விளக்குக்குப் பதிலாக 20 வாட் எல்.இ.டி. குழல் போட்டால் விளக்குச் செலவு பாதியாகும். குளிர்பெட்டி வாங்குவோர் அதன்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்குதல் வேண்டும். நட்சத்திரம் அதிகமானால் செலவு குறைவு.

கான்கிரீட் மெத்தை பகலில் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் இறக்கும். பங்குனி பிறக்குமுன் மெத்தையைக் கழுவி, ஒட்டுப்பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பை இருமுறை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மேற்குச் சுவருக்கு நிழல் தரும் பந்தலோ மரமோ இருத்தலும் நன்று.

இம்மாற்றங்களைச் செய்த பின் மேற்படி குடியானவரின் கணக்கு நாளொன்றுக்கு 4.1 யூனிட்டாகக் குறைந்தது. 3 கிலோவாட் வேண்டியிருந்த வீட்டுக்கு 1 கிலோவாட் போதுமென்று ஆயிற்று. நகையும் பெட்டியிலேயே இருந்தது.

பின்னர் சோலார்

சோலார் பலகை சூட்டினால் விளைவதன்று, ஒளியினால் விளைவது. பலகையின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைவு நூற்றுக்குச் சுமார் 0.3 முதல் 0.4 பங்கு குறையும். ஆதலால் வெயில் கொளுத்தும் ஊர்களைக் காட்டிலும் குளிர்ந்த நமது மேட்டுப் பிரதேசம் இதற்கு ஏற்றதே. அமைப்போர் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். பலகைகள் வரிசையாக இணைக்கப்படுவதால், ஒரு பலகைமேல் விழும் தென்னை நிழல் வரிசை முழுவதையும் பாதிக்கக்கூடும்.

2. பலகை தெற்கு நோக்கி, 12 அல்லது 13 டிகிரி சாய்வாக இருத்தல் வேண்டும். சட்டம் பலமான காற்றைத் தாங்க வேண்டும். தளர்ந்த ஓட்டுக் கூரைமேல் வைத்தலாகாது.

3. கருங்கல் குவாரிகளுக்கும் ஜல்லி ஆலைகளுக்கும் அருகிலுள்ள கிராமங்களில் தூசி விரைவில் படியும். அதிகாலையில் தண்ணீர் விட்டு மெல்லத் துடைக்க வேண்டும். உச்சி வேளையில் சூடான கண்ணாடிமேல் குளிர்ந்த நீர் ஊற்றலாகாது.

4. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தின் விதிப்படி 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலுமானால் 78,000 ரூபாயும் மானியம். மானியம் பெரிதென்று சாதனத்தைப் பெரிதாக்கலாகாது. மீதித் தொகை நம்முடையதே. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

நான் சொல்லத் தவறியது

சாதனம் அமைத்த சில வாரங்களில் அக்குடியானவர் மறுபடியும் வந்தார். "ஐயா, வெயில் காய்கிறது, பலகையும் இருக்கிறது. கரண்டு போனால் வீட்டிலும் போய்விடுகிறதே, ஏன்?" என்று கேட்டார். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதனம், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு அபாயம் நேராதிருக்கும் பொருட்டே இவ்வேற்பாடு. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமாயின் பேட்டரியும் அதற்குரிய இன்வர்ட்டரும் தனியே வேண்டும். பலகை 25 ஆண்டு உழைக்கும்; பேட்டரியோ அதற்குள் சில முறை மாற்றப்பட வேண்டியது. இதை முன்னரே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை. நேயர்கள் வாங்குமுன் இக்கேள்வியைக் கேட்டுத் தெளிவாராக.

கிராம அதிகாரிகளுக்கு

2011இல் தொடங்கிய முதலமைச்சரின் பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டப்பட்ட 300 சதுர அடி வீடுகளுக்குச் சோலார் விளக்குகளும் சேர்த்தே அளிக்கப்பட்டன. கோயமுத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியோ 2006இல் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, மின்சாரம் விற்று வருமானம் கண்டது. அவ்வளவு பெரிய காரியம் எல்லா ஊராட்சிக்கும் இயலாது. ஆயினும் தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுதலும், பகலில் எரியும் விளக்கை அணைத்தலும், ஊராட்சிக் கட்டிடத்தின் மின்கணக்கை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தலும் எங்கும் இயலும். பம்ப்செட் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுத்தல் சட்டவிரோதமானது, உயிருக்கும் ஆபத்தானது என்பதையும் குடிகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

ஓட்டை அண்டாவில் நீர் நிற்கவில்லையென்று கிணற்றை ஆழப்படுத்துவோர் இல்லை. முதலில் அண்டாவை அடைப்போம். பின்பு எவ்வளவு நீர் வேண்டுமென்பது தானே விளங்கும். நேயர்கள் கடைசியாக வந்த மின்கட்டணச் சீட்டை எடுத்து, மேற்கண்டவாறு தத்தம் வீட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார்களாக.