உங்களுக்குத் தெரியுமா? சிறைக்குள் ஒரு செங்கொடி அமைப்பு

சென்னையிலிருந்து அந்தமான் தலைநகருக்குக் கப்பலில் வருபவர்கள் இறங்குவது ஹேடோ துறைமுகத்தில். அங்கிருந்து சிறிது தூரத்தில், நகரின் கிழக்குக் கரையில் செல்லுலார் சிறை நிற்கிறது. 1935-ல் அதன் கைதிகள் ஓர் இடதுசாரி அமைப்பை உருவாக்கினார்கள். பெயர், ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்’. தேர்தலோ வேட்பாளரோ இல்லாத அமைப்பு. படிப்பதும் விவாதிப்பதும் கூடிப் போராடுவதுமே அதன் வேலை.

அந்தப் படிப்புக்கு உயிரை விலையாகக் கொடுத்திருந்தார்கள். நல்ல உணவு, விளக்கு, புத்தகம் கேட்டு 1933 மே மாதம் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் லாகூர் சதி வழக்குக் கைதி மகாவீர் சிங், வங்காளத்தின் மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் ஆகிய மூவரும் இறந்தனர். உடல்களைக்கூட உறவினரிடம் தரவில்லை, கடலில் எறிந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதன் பிறகுதான் சிறைக்குள் புத்தகங்கள் வந்தன. வெடிகுண்டை நம்பி வந்த இளைஞர்கள் பலர் மார்க்சைப் படித்தார்கள்; உழவரையும் தொழிலாளரையும் திரட்டாமல் விடுதலை இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1937 ஜூலையில் மீண்டும் உண்ணாவிரதம். தங்களைத் தாயகச் சிறைகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. காந்தியும் தாகூரும் கவலையோடு தலையிட்டனர். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவரான ஹரே கிருஷ்ண கோனார், 1967-ல் மேற்கு வங்க நிலவருவாய் அமைச்சராகி, உச்சவரம்புக்கு மேல் பதுக்கிய நிலங்களைத் தேடிப் பிடித்தார்.