தூத்துக்குடி ஓதமும் பிளஸ் 2 கணக்கும்: ‘நேர்மாறு அணி’ எப்போது காலை வாரும்?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் நாளை கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும்? இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. இந்தக் கடலில் ஏற்றவற்ற வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அதில் 10 சென்டிமீட்டர் பிசகினாலும் சின்ன விஷயமில்லை.

எப்படிக் கணிக்கிறார்கள்?

கடல் மட்டம் என்பது பல அலைகளின் கூட்டுத்தொகை. நிலவால் எழும் முக்கிய அலைக்கு 12.42 மணி நேரம், சூரியனால் எழுவதற்குச் சரியாக 12 மணி நேரம். இப்படி 37 அலைகளை எடுத்தால், அலைக்கு இரண்டு வீதம் 74, சராசரி மட்டம் ஒன்று என மொத்தம் 75 எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருப்பதோ மணிக்கு ஒன்றாக ஓராண்டில் எடுத்த 8,760 அளவீடுகள்.

அப்போ நேர்மாறு எடுத்தா போதாதா?

பிளஸ் 2-வில் படித்த நேர்மாறு அணி, சதுர அணிக்குத்தான் உண்டு. இங்கே 8,760 நிரை, 75 நிரல். எல்லா அளவீடுகளுக்கும் மிக நெருக்கமாகப் பொருந்தும் விடையைத்தான் தேட முடியும். இதற்குப் பெயர் ‘மீச்சிறு வர்க்க முறை’.

அணிகளை ஒரே எண்ணைப்போலக் கையாளும் ஏ.பி.எல். மொழியில் இதற்கு ஒரே குறி போதும்: ⌹. செல்லப் பெயர் ‘டோமினோ’. சதுர அணி கொடுத்தால் நேர்மாறு தரும்; நீள அணியோடு அளவீடுகளையும் கொடுத்தால் மீச்சிறு வர்க்க விடை தரும். மேட்லேப், ஜூலியா மொழிகளில் இதே வேலையைப் பின்சாய்வுக் கோடு செய்கிறது. நம்பையில் இதற்குத் தனிக் கட்டளை உண்டு.

சிக்கல் எங்கே?

சின்னக் கணக்கு ஒன்று. x + y = 2, x + 1.001y = 2.001. விடை: x = 1, y = 1. இப்போது 2.001-ஐ 2.002 என்று மாற்றுங்கள். மீட்டர் கணக்கில் வெறும் ஒரு மில்லிமீட்டர்! விடை x = 0, y = 2 எனத் தலைகீழாகிவிடுகிறது. இரண்டு சமன்பாடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதே காரணம்.

ஓதத்திலும் இதே கதைதான். சூரிய அலை 12 மணி நேரம் என்றால், அதன் பக்கத்திலேயே 11.97 மணி நேர அலை ஒன்று ஓடுகிறது. இரண்டும் முழுதாகப் பிரிந்து தெரிய சுமார் 183 நாள் ஆகும். 15 நாள் அளவீட்டை மட்டும் கொடுத்தால்? கணினி பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், நம்ப முடியாத எண்களை நம்பிக்கையோடு தந்துவிடும்.

முறையும் முக்கியம்

அணியை அதன் இடமாற்று அணியால் பெருக்கிச் சதுரமாக்கி, பிறகு நேர்மாறு எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால், கணக்கின் ‘நிலை எண்’ அப்போது வர்க்கமாகிவிடும். 10 கோடியாக இருந்தது, 1-க்குப் பின் 16 பூச்சியமாகும். கணினியின் துல்லியமே சுமார் 16 இலக்கம்தான், எல்லாம் போச்சு. ஹவுஸ்ஹோல்டர் 1958-இல் தந்த முறை, அப்படிப் பெருக்காமலே அணியைப் படிப்படியாக மடக்கித் தீர்க்கிறது. ஏ.பி.எல். டோமினோவுக்குள் இருப்பதும் அந்த முறைதான்.

ஆனால், எவ்வளவு நல்ல முறையும் அளவீட்டில் இல்லாத தகவலை உருவாக்காது. நிலை எண்ணை ஒருமுறை பாருங்கள். அது பெரிதாக இருந்தால் கோடை மாற்றிப் பயனில்லை. கடலை இன்னும் சில மாதம் அளக்கத்தான் வேண்டும்.