கரமனைக்கு எட்டும் குரல்கள்

திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றங்கரை அக்ரஹாரங்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசப்படுகிறது. இங்கிருந்து களியக்காவிளை வழியாகச் செல்லும் சாலை நாகர்கோவிலை அடைகிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கியது அந்த நாகர்கோவிலில்தான்.

திருவனந்தபுரம் வானொலி இன்னும் மூத்தது. 1943இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய நிலையம், 1950இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது.

வானொலிக் காலத்தில் நல்ல நிகழ்ச்சியைப் பரிந்துரைக்க அலைவரிசையும் நேரமும் சொல்ல வேண்டும். நண்பர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவும் வேண்டும். வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ அப்படி வாய்மொழியாகவும் பரவியது. சில நிமிடம், ஒரு கருத்து, கடைசியில் ஒரு சிரிப்பு: கேட்டவர் அடுத்தவரிடம் அப்படியே திருப்பிச் சொல்லிவிடலாம். எவ்வளவு அருமையான வடிவம்!

பாட்காஸ்டில் நேரச் சிக்கல் இல்லை. தீபிகா அருண் தமிழ்க் கதைகளை வாசிக்கும் ‘கதை ஓசை’யை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஆனால் வெறும் இணைப்பு பெரும்பாலும் திறக்கப்படாமலே கிடக்கும். எந்தக் கதை, எத்தனை நிமிடம், ஏன் நண்பருக்குப் பிடிக்கும் என்று இரண்டு வரி சேர்த்தால் அவர் கட்டாயம் கேட்பார். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கப் பழகாத கேரளப் பிள்ளைகளுக்கு முதலில் அனுப்ப வேண்டியது இப்படியொரு கதைப் பாட்காஸ்டைத்தான்.