மொறிஸ் மைனரும் மாற்றுறுப்பும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீதிகளிலே, உவர்மலைச் சரிவிலும் உட்துறைமுகத்தின் ஓரத்திலும், அரை நூற்றாண்டு கடந்த மொறிஸ் மைனர் மோட்டார்கள் சில இன்னும் ஓடக் காண்கின்றோம். பழைமையைப் போற்றுவோர் மட்டுமன்றிப் புதியது வாங்கப் பொருளில்லாதோரும் இவற்றைப் பேணுகின்றனர். பொருந்தாத ஓர் உறுப்பினால் முழு இயந்திரமும் கெட்டு, வண்டி கொட்டிலில் முடங்கிப்போதலும் உண்டு. ஆதலின் உரிய உறுப்பை அறியும் வகையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

இலக்கணத்திற் பலபொருள் ஒருசொல் என்று ஒன்றுண்டு. மொறிஸ் மைனர் என்னும் பெயரும் அத்தகையதே. 1948இல் இவ்வண்டி வெளிவந்தபோது அதன் இயந்திரம் 918 சி.சி. கொள்ளளவினது. 1952 முதல் 803உம், 1956இல் 948உம், 1962இல் 1098உம் வந்தன. முதலாவதன் குடியே வேறு. அதன் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தே நிற்பன. ஏனைய மூன்றும் ஒரு குடிப் பிறந்தவை, முகச்சாயலும் ஒன்றே. மயக்கம் பிறப்பது இங்கேதான். 803, 948 இரண்டிலும் பிஸ்ரன் ஏறியிறங்கும் நீளம் 76.2 மில்லிமீற்றர். ஆகவே ஒன்றன் கிராங் தண்டு மற்றதற்கு இசையும் என எண்ணத் தோன்றும். இசையாது. இணைப்புத் தண்டு பற்றும் கழுத்தின் விட்டம் முன்னதில் 1 7/16 அங்குலம். பின்னதில் 1 5/8 அங்குலம். 1098இலோ அந்நீளமே 83.7 மில்லிமீற்றர் ஆகிவிடுகின்றது.

பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டைச் சொல்லி உறுப்புக் கேட்போரே பலர். அது போதாது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி பெரிதும் ஒடுக்கப்பட்டது. 1977வரை அந்நிலை நீடித்தது. அக்காலத்தில் ஓய்ந்த இயந்திரத்தை நீக்கி, வேறொரு வண்டியின் இயந்திரத்தை ஏற்றி ஓட்டினர். எனவே 1954ஆம் ஆண்டு வண்டியினுள் 1098 இருப்பின் வியப்பில்லை.

சான்று இயந்திரத்திலேயே உண்டு. வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, சிறு தகடொன்று பதிக்கப்பட்டிருக்கும். அதன் தொடக்கம் ஏபிஎச்எம் எனின் 803; ஏபிஜேஎம் அல்லது 9எம் எனின் 948; 10எம்ஏ எனின் 1098. தகடு உதிர்ந்துபோயின் சிலிண்டர்த் தலையைக் கழற்றி அளத்தலே வழி. உள்விட்டம் ஏறத்தாழ 58 மில்லிமீற்றராயின் 803, 62.9ஆயின் 948, 64.6ஆயின் 1098. ஆயினும் சிலிண்டரைக் கடைந்து அகலித்திருத்தல் கூடுமாதலின், பிஸ்ரன் ஓடும் நீளத்தையும் உடனளந்து கொள்க.

இனம் தெரிந்த பின்னும் அளவு தெரிதல் வேண்டும். தேய்ந்த கிராங் கழுத்தை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு எனப் படிப்படியாகக் கடைந்து சிறிதாக்குவர். அவ்வாறு கடைந்த கழுத்துக்கு மூல அளவுப் பெயாரிங் பூட்டினால், எவ்வளவு புதியதாயினும், அது தளரும். எண்ணெய் அமுக்கம் வீழும். இயந்திரம் தட்டத் தொடங்கும். பழைய பெயாரிங்கின் முதுகிலே அவ்வளவு பொறிக்கப்பட்டிருக்கும். பிஸ்ரனுக்கு அதன் தலையிலே. கழற்றியதைக் குப்பையில் எறியும் கராச்சுக்காரரைத் தடுத்து அதை வாங்கி வைத்தல் நன்று. எனினும் கழுத்து மீண்டும் தேய்ந்திருக்கலாமாதலின், புதியது வாங்குமுன் அதை மைக்ரோமீற்றரால் அளப்பித்தல் இன்றியமையாதது.

கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குச் செல்வோர் தகட்டு எண்ணையும், பழைய உறுப்பையும், அளவு எழுதிய தாளையும் உடன் கொண்டுசெல்க. இக்குடி இயந்திரங்கள் மினி வண்டிக்கென 2000ஆம் ஆண்டுவரை வார்க்கப்பட்டமையால் உறுப்புகள் முற்றாக அருகிவிடவில்லை. வாங்கியதை உடனே பூட்டாவிடின் எண்ணெய் தடவி, மெழுகுத்தாளிற் சுற்றி வைக்க வேண்டும். நம் துறைமுகத்துக் காற்றில் உப்புண்டு. கடைந்து மினுக்கிய இரும்பில் அது விரைவிலே துருவேற்றிவிடும்.