குழாய் ஏன் சிவக்கிறது?

உங்கள் வீட்டுப் பிள்ளையாண்டான் மோட்டார் சைக்கிளுக்குப் புதுச் சைலன்ஸர் மாட்டியிருக்கிறானா? மாலையில் தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து வரும்போது, என்ஜினிலிருந்து இறங்கும் குழாய் இருட்டில் சிவந்து தெரிகிறதா? அப்படியானால் இதைப் படியுங்கள். பின்னால் அமர்ந்து வருகிறவர் நீங்கள் அல்லவா?

தோசைக்கல்லுக்கு 200 டிகிரி சூடே போதும். இரும்பு இருட்டில் சிவப்பாகத் தெரிய ஏறக்குறைய 500 டிகிரி வேண்டும்! ஓடும்போது எதிர்க்காற்று குழாயைத் தணிக்கிறது. நெரிசலில் நெடுநேரம் நின்றால் லேசாகச் சிவப்பதுண்டு. ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே சிவந்தால்தான் கோளாறு.

கோளாறு குழாயில் அல்ல. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும், தீப்பொறி தாமதமாக விழுந்தாலும், அடுப்பில் முடிய வேண்டிய நெருப்பு புகைபோக்கி வரை வந்துவிடுகிறது. சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, கார்புரேட்டர் ஜெட்டைப் பழையபடி விட்டுவிடுவதே பெரும்பாலும் காரணம்.

கண்டுபிடிப்பது எப்படி? என்ஜின் ஆறியதும் மெக்கானிக்கிடம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். முனை பால் கலந்த காப்பி நிறமானால் நல்லது. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. நிறம் சரியாக இருந்தால், அடுத்துத் தீப்பொறி விழும் நேரத்தைச் சோதிக்க வேண்டும்.

அலட்சியம் செய்தால் வால்வு கருகும். அதைவிட, கெண்டைக்கால் பட்டால்? உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர் விடுங்கள், பற்பசை தடவாதீர்கள்.

புதுக் குழாய்க்குப் பணம் கேட்டால், “பிளக்கைப் பார்த்தாயா?” என்று முதலில் கேளுங்கள்!