ஒன்பது பர்சென்ட் டிவிடெண்டும் பாலிதீன் பையும்

"மச்சி, நீ கெமிக்கல் இன்ஜினியரிங்தானே? டௌ கம்பெனி ஷேருக்கு ஒன்பது பர்சென்டுக்கு மேல டிவிடெண்டாம். ஊர்ல பேங்க் எஃப்.டி. கூட இவ்வளவு தராது. டி.ஏ. சம்பளத்துல மிச்சம் பிடிச்சதைப் போட்டுடவா?"

2025 ஜூலையில் ரூம்மேட் கேட்ட கேள்வி. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். தீசிஸ் ஆணிகளுக்கு நடுவில் ஒரு உருப்படியான பதிவு :-)

முதல்ல அந்த ஒன்பது எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். டௌ ஒரு ஷேருக்கு மூணு மாசத்துக்கு 70 சென்ட், அதாவது வருஷத்துக்கு 2.80 டாலர் கொடுத்துட்டு இருந்தது. ஷேர் 55 டாலர் வித்தப்போ அது ஐந்து சதவீதம். 30 டாலருக்கு இறங்கினதும் அதே 2.80 ஒன்பதுக்கு மேல ஆயிடுச்சு. கம்பெனி ஒரு சென்ட் கூடக் கூட்டித் தரலை. சதவீதம் ஏறினதுக்கு ஒரே காரணம், வகுக்கிற எண் விழுந்ததுதான். டிவிடெண்ட் தங்காதுன்னு சந்தை முன்கூட்டியே சந்தேகப்பட்டுதுன்னு அர்த்தம்.

ஏன் தங்காது? டௌ பெருமளவில் செய்வது எத்திலீன், அதிலிருந்து பாலிதீன். பால் பாக்கெட், மளிகைப் பை எல்லாம் அந்த ஜாதி. யார் செய்தாலும் ஒரே சரக்கு, அதனால விலையைச் சந்தைதான் தீர்மானிக்கும். விலை நல்லா இருக்கும்போது எல்லாரும் பிளான்ட் கட்டுவாங்க. எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் சரக்கு குவிஞ்சு விலை படுத்துடும். சமீப வருஷங்களில் சீனா கட்டித் தள்ளினது அப்படித்தான். 2021-ல் டௌவின் லாபம் 600 கோடி டாலருக்கு மேல். 2024-ல் சுமார் 120 கோடி. ஆனா டிவிடெண்ட் மட்டும் 2019-லிருந்து அசையாமல் அதே 70 சென்ட். 2024-ல் அதுக்கு ஆன செலவு 200 கோடி டாலர்!

120 சம்பாதிச்சு 200 கொடுக்கணும்னா? பிளான்ட் தேய்மானத்துக்குக் கழிக்கிற தொகை காகிதக் கணக்கு, ரொக்கமா வெளியே போகாது. அதனால கையில் வரும் காசு லாபத்தைவிட அதிகம். ஆனா அந்த வருஷம் தொழிலில் வந்த காசு கிட்டத்தட்ட முழுசும் புது முதலீட்டுக்கே சரியாப் போச்சு. 2024 டிசம்பரில், அமெரிக்க வளைகுடாக் கரையில் இருக்கும் தன் மின்சாரம், நீராவி, பைப்லைன் வசதிகளில் 40 சதவீதத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டாங்க. டிவிடெண்டுக்காகத்தான் வித்தாங்கன்னு நான் சொல்லலை. ஆனா வயலில் ஒரு பங்கை வித்துட்டு, தீபாவளிக்கு எல்லாருக்கும் வழக்கம்போல பட்டுச்சேலை எடுக்கிற வீட்டை நாம பார்த்ததில்லையா?

எனக்கு உறுத்தினது வெட்டு விழுந்த வரிசை. 2025 ஜனவரியில் 1,500 வேலைகள் குறைப்புன்னு அறிவிப்பு. ஜூலை தொடக்கத்தில் ஐரோப்பாவில் மூணு பிளான்ட் மூடல், இன்னொரு 800 பேர். அதுவரைக்கும் 70 சென்ட் பத்திரம். ஜூலை 24 அன்னிக்குத்தான் டிவிடெண்டைப் பாதியாக்கி 35 சென்ட்னு சொன்னாங்க. ஷேர் அன்னிக்கே 17 சதவீதம் போல விழுந்தது. வேலைக்கு விண்ணப்பிச்சுட்டு இருக்கிற எங்க டிபார்ட்மென்ட் பசங்களுக்கு இந்த வரிசை ஒரு பாடம்.

இது முதல் தடவையும் இல்லை. 1912-லிருந்து குறைக்காமல் கொடுத்து வந்த பெருமையை 2009 பிப்ரவரியில் டௌ இழந்தது. குவைத் கூட்டு முயற்சிப் பணத்தை நம்பி ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனியை வாங்க ஒத்துக்கிட்டாங்க. 2008 டிசம்பர் கடைசியில் குவைத் கைவிரிச்சுது. 42 சென்ட் 15 ஆச்சு.

டிவிடெண்ட் வட்டி இல்லை மக்களே. வட்டி கடன், கொடுத்தே ஆகணும். டிவிடெண்ட் போர்டு முடிவு. அடுத்த மீட்டிங்கில் மாறலாம். ஆகவே சதவீதத்தைப் பார்க்காதீங்க. தொழிலில் வந்த ரொக்கத்திலிருந்து முதலீட்டுச் செலவைக் கழிச்சு, மிச்சம் டிவிடெண்டைத் தாங்குமான்னு பாருங்க. ஆண்டறிக்கையில் ரெண்டே வரி, பத்து நிமிஷ வேலை.

கொசுறு: வரிக் கணக்கில் வெளிநாட்டவர்களா இருக்கிற நம்ம ஊர் மாணவர்களுக்கு, அமெரிக்கக் கம்பெனி டிவிடெண்டில் இந்திய வரி ஒப்பந்தப்படி 25 சதவீதம் வரி. ஒன்பதுன்னு பார்த்தது கைக்கு வரும்போது ஏழுக்குக் கீழே!